மடியில்லாமல் மிதந்த பிள்ளை

காளவாசல் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் ரோகிணி ஒன்பது வருடமாக முகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, ஒரு பேனருக்கு ஐம்பது தலைக்குக் குறையாது. தாய்மாமன் எவ்வளவு பெரிது, பங்காளிகள் எந்த வரிசை, கோபித்துக்கொண்டு போன சித்தப்பா எந்த மூலை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மதுரை மேற்கில் பாதிச் சண்டைகளை மூளாமல் தடுத்து வைத்திருப்பவள் அவள்தான். ஒருவரும் நன்றி சொன்னதில்லை. பேனரின் அடியில் முதலாளியின் போன் நம்பர் இருக்கும், அவள் பெயர் இருக்காது.

அதுதான் அவளுக்கு ஆற்றாமை. வீட்டிலிருந்தே பார்க்கும் டிசைனர் வேலைக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். போர்ட்ஃபோலியோ லிங்க் அனுப்பச் சொன்னார்கள். டிசைனர்கள் தங்கள் வேலைகளைக் காட்சிக்கு வைக்கும் ஒரு இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்தாள். எல்லாம் வெறிச்சென்று கிடந்தன. ஒரு பெரிய வெள்ளைப் பரப்பு, மூலையில் ஒரு காப்பிக் கோப்பை, அதற்கு மூவாயிரம் லைக். இங்கே இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டால் விசேஷ வீட்டுக்காரர்கள் கடையை உடைத்துவிடுவார்கள்.

சரி, நாமும் அப்படியே ஆகிவிடுவோம் என்று தன் பழைய பேனர்களிலிருந்து சொந்தபந்தங்களைத் துடைத்தாள். வாடிப்பட்டிக் காதுகுத்து பேனரில் ஐம்பத்திரண்டு பேர் போனார்கள். பிள்ளையை மடியில் வைத்திருந்த தாய்மாமனும் போனார். பிள்ளை மட்டும் சந்தன நிறத்துக்கு நடுவே, உட்கார்ந்த வாக்கிலேயே அந்தரத்தில் நின்றது. அடியில் ‘வடிவமைப்பு: ரோகிணி’ என்று போட்டுக்கொண்டாள். லிங்க்கைக் கம்பெனிக்கு அனுப்பினாள். பெருமை தாங்காமல் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தாள்.

மறுநாள் நான்கு மணிக்கு வீடியோவில் நேர்காணல். மூன்றரைக்கு அவள் தலை வாரிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த நேரம், அந்தத் தாய்மாமன் காளை கடைக்குள் வந்து தன் போனை நீட்டினார்.

“புள்ள யாரு மடியிலம்மா உக்காந்திருக்கு?”

“அண்ணே, இது சும்மா மாதிரிக்கு...”

“இருபத்தொரு தட்டு சீர் செஞ்சிருக்கேன். என்னைய அழிச்சுட்டு புள்ளைய அந்தரத்துல விட்டிருக்க. பாக்குறவன் தாய்மாமன் இல்லாத புள்ளைனு நினைக்க மாட்டானா?”

பெயர் போட்ட பெருமையையும் மீறி, அந்தப் படம் நேற்றிலிருந்து ரோகிணிக்கே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பழைய பேனரைத் தேடியெடுத்து, ஐம்பத்திரண்டு தலைகளோடும் ஏற்றினாள். அதற்குள் மணி நான்கு. காளை நாற்காலியைவிட்டு நகரவில்லை.

கம்பெனி சார்பில் திரையில் வந்த திவ்யா நேராக விஷயத்துக்கு வந்தாள். “காலையில பாத்தப்போ ஒரு குழந்தை மிதந்துட்டிருந்துச்சு, எனக்கு ஒண்ணுமே புரியல. இப்போ இவ்ளோ பேர் இருக்காங்க. இவங்கல்லாம் யாரு?”

வேலை போயிற்று என்று ரோகிணி முடிவுகட்டினாள். போனதுதான் போயிற்று, இனி என்ன மறைப்பு என்று சொல்லத் தொடங்கினாள். தாய்மாமன் ஏன் நடுவில், பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளின் தலை ஏன் அச்சு அசலாக ஒரே அளவு, அவர்களுக்கு நடுவே ஏன் இரண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரியம்மா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். காளை எட்டிப் பார்த்து, “அந்தப் பெரியம்மாவும் இப்பப் பேசுறதில்ல” என்று திருத்தினார். திவ்யா சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டாள்.

“இதையே முதல்ல போட்டிருக்கலாமே” என்றவள், திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னாள்.

ரோகிணிக்கு அழுகை வந்தது. காளைக்கு ஃபிளெக்ஸ் ஆசை வந்தது. அவளை வாழ்த்தி உடனே ஒரு பேனர் வேண்டுமாம். பழக்கதோஷத்தில் அவள் காளையை ஆளுயரத்துக்கு நிறுத்தி, தன் படத்தைக் கீழே போன் நம்பருக்குப் பக்கத்தில் தபால்தலை அளவில் ஒட்டினாள்.

காளை குனிந்து தேடினார். “நீ எங்கம்மா இருக்க? ஒன்னைய நடுவுல பெருசா வையி. என்னைய ஓரமாப் போடு.”

அவள் மௌஸை இழுத்தாள். தன் முகத்தை அத்தனை பெரிதாக அவள் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு காளையை ஓரத்துக்குத் தள்ளினாள்.

“ஏம்மா,” என்றார் காளை, “அம்புட்டு ஓரம் வேணாம்.”