பூண்டு வாசனைக்கு நான் ஓடிய ஓட்டம்

நான் பெரிய தைரியசாலி என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் செய்தியைப் பரப்பிக்கொண்டு வருவது நானேதான். ஐம்பதை நெருங்கிய பிறகு மனிதனுக்கு இப்படிச் சில சௌகரியங்கள் தேவைப்படுகின்றன. ஆனால் மயிலத்துக்குத் தெற்கே ஒரு கூட்ஸ் வண்டி கவிழ்ந்த விசாரணையில், என் கையெழுத்தில், என் கையொப்பத்தோடு ஒரு வாக்குமூலம் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் முன்னால் மட்டும் என் பொய் செல்லாது.

எனக்கு அப்போது முப்பது வயது. விழுப்புரத்தில் ரயில் பாதை இன்ஸ்பெக்டரிடம் ரைட்டர் வேலை. அவர் சொல்வதை எழுதுவேன், எழுதியதை அவர் திட்டுவார், மறுபடியும் எழுதுவேன். யுத்தம் தொடங்கியிருந்த சமயம். அந்த மாதம்தான் ஸ்டேஷன் வாசலில் ஒருவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று விஷவாயுவைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டுப் போயிருந்தார். ஒருவகை வாயு பூண்டு மாதிரி நாறுமாம். மூக்கில் பட்டதும் ஓட வேண்டுமாம். தண்ணீர் கிடைத்தால் உடனே உடம்பைக் கழுவ வேண்டுமாம். கூட்டத்தில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். நான் ஒருவன்தான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். அன்று முதல் வீட்டில் ரசத்துக்குப் பூண்டு தட்டினால்கூட நான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வேன். என் மனைவி இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பூண்டை நிறுத்தவில்லை, எனக்கு ரசத்தை நிறுத்திவிட்டாள்.

வண்டி கவிழ்ந்தது விடியற்காலையில். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நோக்கி வந்த கூட்ஸில் கடைசி நான்கு வாகன்கள் தடத்தை விட்டு இறங்கிச் சாய்ந்திருந்தன. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. என்னை முன்னால் அனுப்பி, சிதறிய சரக்கைப் பட்டியல் எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவர் பின்னாலேயே, ஆட்கள் தண்டவாளத்தின் மேல் தள்ளிவரும் டிராலியில் வருவதாக ஏற்பாடு.

போய்ப் பார்த்தால், ஒரு வாகன் வயிறு கிழிந்து கிடந்தது. அதிலிருந்து இரும்பு டிரம்கள் உருண்டு, சிலது வாயைப் பிளந்து, உள்ளேயிருந்து சாம்பல் நிறக் கல்லும் பொடியும் கொட்டியிருந்தன. டிரம்மின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படித்தேன். கார்பைடு. தண்ணீர் படாமல் வைக்கவும். அழகான எழுத்தில் அப்படியே பட்டியலில் ஏற்றிக்கொண்டேன். மாதிரிக்கு ஒரு கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன். படித்ததை மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருக்கலாம். என் மண்டைக்கு அது எட்டவில்லை. எழுதியாகிவிட்டதே, அதற்கு மேல் என்ன என்று பனைமரத்து நிழலில் உட்கார்ந்து கோடு போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பகுதிப் பாதையைப் பார்த்துக்கொள்வது ஒரு மேஸ்திரியும் அவருடைய பத்து ஆட்களும். மேஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். லைன் ஓரத்திலேயே ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீடு. அதில் அவர், அவர் மனைவி, தலைப்பிரசவத்துக்கு வந்து மாதம் நிறைந்திருந்த மகள். பாதையில் குற்றம் என்று முடிவானால் மேஸ்திரியின் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். அது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ரைட்டரய்யா, தொரை எத்தினி மணிக்கு வருவாருங்க?”

“பத்து மணிக்குள்ளே வந்துடுவார்.”

அவ்வளவுதான். அவர் ஆட்களைப் பார்த்துத் திரும்பினார். நான் கோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே பாதை பார்க்கும் கேங்குக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துரை பார்வையிட வருகிறார் என்றால் அதற்கு முன்னால் பாதையைச் சிங்காரிப்பார்கள். கயிறு பிடித்து ஜல்லி ஓரத்தை நேராக்குவார்கள். தண்டவாளத்தை அடியிலுள்ள குறுக்குக் கட்டையோடு இறுக்கும் ஆப்புகளை, அவர்கள் பாஷையில் சாவிகளை, ஒன்று விடாமல் தட்டி இறுக்குவார்கள். வீட்டுப் பெண்கள் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிப்பார்கள். வருஷத்துக்கு நாலு தடவை செய்து செய்து கைக்குப் படிந்த வேலை. வண்டி கவிழ்ந்த இடத்தில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது, சக்கரம் முதலில் இறங்கிய தடயத்தை வைத்துத்தான் குற்றம் யாருடையது என்று பார்ப்பார்கள் என்பது அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது, நான்கு வாகன்களும் கோணல்மாணலாகக் கிடக்க, அவற்றுக்குப் பின்னாலிருந்த பாதை மட்டும் மாப்பிள்ளை மாதிரி தலைவாரி நின்றது.

தூரத்தில் டிராலியின் சிவப்புக் கொடி தெரிந்தது. மேஸ்திரியின் மனைவி இடுப்பில் குடத்தோடு வந்து, புழுதி என்று நினைத்து அந்தச் சாம்பல் பொடியின் மேல் கை நிறையத் தண்ணீரை வாரித் தெளித்தார்.

தரை சீறியது. நுரை கட்டிக் கொதித்தது. வாசனை வந்தது.

பூண்டு.

அப்புறம் நான் என்ன யோசித்தேன் என்று கேட்டால், யோசித்தது கால்தான். பட்டியல் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். “கியாஸு! கியாஸு!” என்று கத்திக்கொண்டே திண்டிவனத்தைப் பார்த்து லைன் நடுவிலேயே ஓடினேன். மற்றவர்களைக் கூப்பிட்டேனா? இல்லை. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி இருக்கிறாளே என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. ஜெர்மானியர்கள் மயிலத்தில் இறங்கிவிட்டார்கள், என்னைத்தான் தேடுகிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அரை மைல் இருக்கும். கட்டைகளுக்கு நடுவே கிடந்த ஏதோ ஒரு இரும்பில் வலது கால் மோதிக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. விழுந்தேன், எழுந்தேன், அந்த இரும்பை ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன், பக்கத்தில் ஏரி தெரிந்தது, குதித்தேன்.

ஏரியில் முழங்கால் தண்ணீர்தான். ஆனாலும் மல்லாக்கப் படுத்து முழுக உழைத்தேன். அப்போதுதான் என் நெஞ்சு கொதிக்க ஆரம்பித்தது. சட்டைப்பையிலிருந்து நுரை பொங்கியது. சூடு. பூண்டு நாற்றம் என் உடம்பிலிருந்தே வந்தது. விஷவாயு எனக்குள்ளே புகுந்துவிட்டது என்று முடிவு செய்து, என் மனைவியின் ரசத்தை நினைத்து அழுதேன். உண்மையாகவே அழுதேன்.

“ரைட்டரய்யா! இன்னா இது, தண்ணிக்குள்ள பட்துக்கினு அழுவுறீங்க?”

மேஸ்திரியின் மனைவி கரையில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை தூரம் என்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார். கையில் அந்தக் குடம் அப்படியே இருந்தது.

“கிட்டே வராதே! கியாஸு! பை கொதிக்குது பார்!”

அவர் ஏரியில் இறங்கி வந்து, என் பையில் இரண்டு விரலை விட்டு, காகிதத்தோடு அந்தக் கல்லை எடுத்துத் தூர எறிந்தார். கொதிப்பு நின்றது.

“கண்ணாலத்துல மாப்ள ஊர்கோலத்துக்கு வெளக்கு எரிப்பாங்களே, அந்தக் கல்லுதான? வாசன வந்ததும் எங்க ஊட்டுக்காரரு கண்டுக்கினாரு. யாரும் பீடி பத்த வெக்காதீங்கன்னு நெருப்புப் பொட்டிய எல்லாம் புடுங்கிக்கினாரு. காஞ்ச மண்ண வாரிக் கொட்டிக்கினு கீறாங்க. பொண்ண அப்பால இட்னு போயாச்சி. நீங்கதான் பாக்கி. எந்திரிங்க.”

எழுந்தேன். அவர் தன் முந்தானையில் ஒரு பட்டையைக் கிழித்து என் கால்விரலில் கட்டினார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பிப் போனபோது இன்ஸ்பெக்டர் வந்து நின்றுகொண்டிருந்தார். அவர் ஆங்கிலோ இந்தியர். கோபம் வந்தால் தமிழ் தண்ணீர் பட்ட பாடாக வரும்.

“எங்கே மேன் போனே? ஏன் நனைஞ்சிருக்கே?”

“டிரம் ஏதாவது ஏரிப்பக்கம் உருண்டிருக்கான்னு பார்க்கப் போனேன், சார்” என்றேன். வாய் கூசவே இல்லை.

விசாரணை வேப்பமரத்தடியில் நடந்தது. இன்ஸ்பெக்டர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். நான் தரையில், ஈர வேட்டியோடு, மடியில் காகிதம். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

“ஜல்லி புதுசாத் தள்ளியிருக்கே. சாவி எல்லாம் இப்பதான் அடிச்சிருக்கே. மார்க் ஒண்ணும் இல்லே. சாவி லூஸா இருந்துச்சு, வண்டி விழுந்திச்சு, நீ மறைச்சிட்டே. கரெக்டா?”

“இல்லீங்க தொரை. சாவி எல்லாம் நேத்தே இறுக்கமாத்தாங்க இருந்திச்சி. தொரை வர்றாருன்னா அலங்கோலமா வெச்சிக்கினு நிக்க முடியுங்களா? அதாங்க கொஞ்சம் நேரு பண்ணோம்.”

“ஆக்சிடெண்ட் ஆன இடத்தையா?”

“தொரை எங்க வந்தாலும் தொரைதானுங்களே.”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பார்கள். “எழுது” என்று என்னிடம் சொன்னார். எழுதினேன். பாதைத் தடயம் கலைக்கப்பட்டது. மேஸ்திரி ஒப்புக்கொள்கிறார். அதற்கடுத்து இப்படிப்பட்ட அறிக்கை எல்லாவற்றிலும் வருகிற ஒரு வரி உண்டு. அதை அவர் சொல்ல வேண்டியதுகூட இல்லை, என் பேனாவே எழுதும்: வண்டி வந்த வழியில் வாகன்களின் உடைந்த பாகம் எதுவும் கிடக்கவில்லை.

‘உடைந்த பாகம்’ வரை எழுதினேன். கால் கட்டைவிரல் விண்ணென்று தெறித்தது.

பேனா நின்றுவிட்டது.

“என்ன மேன்?”

நிமிர்ந்தேன். வீட்டு வாசலில் மேஸ்திரியின் மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் அம்மா. இருவரும் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. நான் எழுதுகிற பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார், அரை மைல் வடக்கே லைன் நடுவிலே ஒரு இரும்பு கிடக்கு. நான் தடுக்கி விழுந்தேன்.”

போனோம். இன்ஸ்பெக்டர் முன்னால், மேஸ்திரி நடுவில், நான் நொண்டிக்கொண்டு கடைசியில். கிடந்தது. வில்வண்டிக்கு அடியில் பட்டை பட்டையாக ஒரு வில் இருக்குமே, அந்த மாதிரி வாகனுக்கும் உண்டு. அதில் பாதி. உடைந்த வாய் பழைய விரிசல் பக்கம் துருவும் புதிதாய் ஒடிந்த பக்கம் பளபளப்புமாக இருந்தது. அதன் முனையில் என் ரத்தம் காய்ந்திருந்தது. அங்கிருந்து தெற்கே கட்டைகளின் மேல் எதையோ இழுத்துக்கொண்டு போன கீறல், மேஸ்திரி சிங்காரித்த இடம் வரைக்கும். கவிழ்ந்த வாகன் ஒன்றுக்கு அடியில் குனிந்து பார்த்தால் வில்லின் மறுபாதி தொங்கியது. வாயோடு வாய் பொருந்தியது. குற்றம் வண்டியுடையது, பாதையுடையது அல்ல.

இன்ஸ்பெக்டர் விரலில் ஒட்டிய துருவைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதை இவங்க கொண்டாந்து போட்டாங்களான்னு மேலே கேட்பாங்க. நீதான் முதல்லே பார்த்தவன். ஸ்டேட்மெண்ட் எழுது.”

நானும் கௌரவமாகவே ஆரம்பித்தேன்: ‘பாதையைப் பரிசோதிக்கும் பொருட்டு நான் வடக்கு நோக்கிச் சென்றபோது...’

அவர் எட்டிப் பார்த்தார். “பரிசோதிக்கப் போனவன் இதை ஏன் எடுத்துட்டு வரலே? ஏன் என்கிட்டே சொல்லலே? கேட்டா என்ன சொல்லுவே?”

யோசித்துப் பார்த்தால், அந்த இரும்பைப் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிட்டு வந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் பொருந்தும். அதுவோ என்னோடு சிதையில் ஏறட்டும் என்று நான் ஏரிக்கரையிலேயே தீர்மானித்துவிட்ட சங்கதி. இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அந்தக் காகிதத்தைக் கிழித்தேன். புதிதாக ஒன்றை எடுத்தேன்.

எல்லாவற்றையும் எழுதினேன். டிரம்மில் இருந்ததைப் படித்தும் யாருக்கும் சொல்லாதது, பூண்டு வாசனை, கத்தல், ஓட்டம், நகம், ஏரி, பை கொதித்தது, மேஸ்திரியின் மனைவி கல்லை எடுத்து எறிந்தது, கடைசியாக இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய். அழுகையை மட்டும் விட்டுவிட்டேன். கேஸுக்கு அது தேவைப்படவில்லை. படித்துக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டரின் மீசை இரண்டு இடத்தில் துடித்தது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டார். இந்தக் காகிதம் சென்னைக்குப் போய், அங்கிருந்த குமாஸ்தாக்கள் எல்லாரும் என்னை ஆறு மாதம் பூண்டு என்றே அழைத்தது வேறு கதை.

இரும்பு கிடந்த இடத்துக்குச் சாட்சியாக மேஸ்திரி கைநாட்டு வைக்க வேண்டும். எழுதியதை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டியது என் கடமை. இன்ஸ்பெக்டர் டிராலிப் பக்கம் போயிருந்தார். நான் சொல்லச் சொல்ல மேஸ்திரி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் சற்றே தயங்கினார்.

“ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளுங்க.”

“‘பயந்து ஓடினேன்’னு இருக்குதே, அதுல அந்த ‘பயந்து’ வேணாங்க. ‘ஓடினேன்’னு மட்டும் போட்டுக்கங்க. நாளைக்கி நாலு பேர் படிக்கிற காயிதம். உங்களுக்கு பேஜாரா போயிடும்.”

வேலையும் வீடும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கிற மனிதர், அதை அடித்துவிடச் சொல்கிறார்.

“மேஸ்திரி, அது இல்லேன்னா மீதி எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. இருக்கட்டும்.”

“அப்ப ‘கொஞ்சம்’ பயந்துன்னு...”

“நீங்க பார்த்தீங்களே. கொஞ்சமா?”

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். கட்டைவிரலை மையில் அழுத்தி, நான் காட்டிய இடத்தில் நிதானமாக வைத்தார். ஜல்லியும் சுத்தியலும் தேய்த்த விரலில் ரேகை அவ்வளவாக இல்லை. இரண்டாம் தடவையும் வைக்க வேண்டியிருந்தது. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். காலையிலேயே சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்திருக்கிறார்கள். மேஸ்திரியின் மனைவி வாசலில் குந்திக்கொண்டு, பல்லால் அந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.