உண்மையைச் சொல்ல வாய் கேட்டேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, சுகமாகிவிட்டேன் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. புற்றுநோய் இன்னும் என் உடம்பில்தான் இருக்கிறது. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததை மறைக்க மனம் இல்லை.

என் பெயர் மேரி. என் கணவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்கிறார். போன வருடம் கரும்பு அரவை நடந்துகொண்டிருந்தபோது, மார்பில் இருந்த நோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்றார் டாக்டர். பிறகு வந்த வலி கொஞ்சநஞ்சமல்ல. குனிந்து குடத்தை எடுக்க முடியாது. இருமினால் உயிர் போகும். ஆராதனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விசுவாசம் குறைந்தவள் என்பார்களோ என்று பயம். ஆண்டவர் சிலுவையில் படாத பாடா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் கேட்டாலும், "பரவால்லீங்க" என்பேன். பொறுமை தாரும் என்று மட்டும் ஜெபித்தேன்.

ஒருநாள் காலையில் என் மகள் தலை பின்னிக்கொள்ள வந்து உட்கார்ந்தாள். கையைத் தூக்கியதும் முதுகில் சுரீர் என்றது. அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன்.

"நான் இன்னாம்மா பண்ணேன்?" என்றாள்.

அவள் பள்ளிக்கூடம் போனதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஆண்டவரே, இந்த வலி என்னை வேறு ஆளாக்குகிறது. நான் பொறுத்தது போதும். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் தாரும்" என்று கேட்டேன்.

அந்த வாரமே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. இப்ப எவ்ளோக்கா இருக்குது?"

"அவ தாங்கிக்குவா மேடம்" என்றார் என் கணவர்.

"நீங்க சொல்லாதீங்கண்ணா. அக்கா சொல்லட்டும்."

"ஒம்பதுங்க" என்றேன். "ரொம்ப மாசமா ஒம்பதுதாங்க."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கிட்டகூட ஏன் சொல்லல?" என்று மெதுவாகக் கேட்டார்.

டாக்டர் மார்ஃபின் என்ற வலி மாத்திரையை எழுதினார். "போத மாத்திரையாச்சே, பழகிடாதுங்களா?" என்று பயந்தார் என் கணவர். வலிக்காக, சொன்ன அளவில் சாப்பிட்டால் அந்தப் பயம் மிகவும் கம்மி என்று நர்ஸ் விளக்கினார்.

முதல் சில நாள் தூக்கமாக வந்தது. மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். வலி இல்லையே என்று ஒருநாள் மதிய மாத்திரையை விட்டேன்; சாயங்காலம் துடித்துப்போனேன். அதன்பின் போனில் அலாரம் வைத்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வருமுன்பே மாத்திரை. வலி கூடினால் உடனே டாக்டரிடம் வலியின் எண்ணைச் சொல்கிறேன். இப்போது பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான்.

சென்ற மாதம் ஜெபக்குழுப் பெண்களோடு பஸ்ஸில் கல்வராயன் மலைக்குப் போனேன். அத்தனை வளைவிலும் உட்கார்ந்தே பாடிக்கொண்டு போனேன்.

எனக்கு எத்தனை நாள் என்று தெரியாது. இருக்கும் நாளை வலியிடம் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த மாத்திரையும் அந்த நர்ஸும் கர்த்தர் அனுப்பிய உதவிதான். இதைப் படிக்கிற யாராவது வலியை மறைத்துக்கொண்டிருந்தால், முதலில் கர்த்தரிடம் சொல்லுங்கள். ஜெபம் முடிந்து எழுந்ததும் டாக்டரிடமும் சொல்லுங்கள். கர்த்தர் கேட்கிறார். என் ஜெபத்தைக் கேட்டார்.