நாகவல்லி போட்ட ஐந்து இழை

நாகவல்லி திருடினாள் என்று சொல்ல எப்படி வாய் வந்தது? குங்குமப்பூவை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள் என்று குப்பம்மா கிணற்றடியில் சொன்னாளாம். பூந்தமல்லி முழுக்க இப்போது அதே பேச்சு. குப்பம்மா கண்ணால் பார்த்தாளா? இல்லை. நான் பார்த்தேன். பரந்தாமன் வீட்டு அடுப்படியில் அன்று அவரைக்காய் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்தான்.

நாகவல்லி அந்த வீட்டில் ஆறு வருஷம் சமைத்தவள். கொட்டாங்குச்சியில் தானே செய்துகொண்ட அகப்பை ஒன்று வைத்திருக்கிறாள், அதை யாரும் தொடக் கூடாது. கரண்டியில் ருசி பார்க்கமாட்டாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். மனிதர்களிடம் பேச்சு குறைவு, பாலோடுதான் பேசுவாள். பொங்கி வந்தால், "பொறு நைனா, எங்க ஓடறே?" என்பாள். அதுவும் அடங்கிவிடும்.

குங்குமப்பூ அவளுக்கு மசூதித் தெருவில் பழக்கமானது. புருஷன் போன பிறகு இரண்டு வருஷம், பிரியாணி போடும் பண்டாரி ஒருவருக்கு மசாலா அரைத்துக் கொடுத்தாள். அவர் பூவை ஊறவைப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

பரந்தாமனின் மருமகள் வசந்தாவுக்கு இது ஏழாம் மாதம். பம்பாய் ரயில்வேயில் இருக்கும் பரந்தாமனின் தம்பி, கட்டைவிரல் பருமனில் ஒரு தகர டப்பி நிறையப் பூ அனுப்பியிருந்தார். நாகவல்லி ஒரு இழையை நாக்கில் வைத்தாள். கசந்திருக்க வேண்டும், நல்ல பூவுக்கு அதுதான் அடையாளம், அவள் முகம் மலர்ந்தது. எண்ணி ஐந்து இழை எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் இருந்த பாலில் போட்டு மூடிவைத்தாள். அதிகம் போட்டால் பால் கசக்கும், கொதிக்கிற பாலில் போட்டால் வாசனை போய்விடும் என்று எனக்குச் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து மாமியார் வரலட்சுமி வந்து மூடியைத் தூக்கினாள். அந்த வீட்டில் அதுவரை வாங்கியதெல்லாம் கடைத்தெருப் பொட்டலம். போட்ட உடனே பால் செம்பருத்திப் பூ மாதிரி ஆகிவிடும். குங்குமப்பூ என்றால் அதுதான் என்று நினைத்திருந்தார்கள்.

"பூவ இன்னாடி பண்ணே? பால் வெள்ளையா கீதே."

"கொஞ்சம் இரும்மா. இன்னும் ஊறல."

வரலட்சுமி இருக்கவில்லை. டப்பியைக் குலுக்கிப் பார்த்தாள். பாதியைக் காணோம் என்றாள். மோர் வாங்கக் கொல்லைப்பக்கம் வந்து நின்ற குப்பம்மாவுக்கு அது போதும்.

இரண்டு நாளில் காட்டுப்பாக்கத்தில் வீராசாமி வீட்டுக் கல்யாணம். நாகவல்லி தன் பொறுப்பில் ஒத்துக்கொண்ட முதல் சமையல் அது. திருடி என்று பெயர் வந்தால் யார் அடுப்படியில் விடுவார்கள்? நாகவல்லி அழவில்லை. மாடத்தில் கிடந்த பழைய பொட்டலத்தை எடுத்து வந்தாள். இரண்டு பீங்கான் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றினாள். ஒன்றில் பொட்டலத்து இழை, இன்னொன்றில் டப்பி இழை.

பொட்டலத்துக் கிண்ணம் இழை விழுந்த வேகத்தில் சிவந்தது. டப்பிக் கிண்ணம் சும்மா கிடந்தது. வரலட்சுமி என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினாள். நாகவல்லி உலையில் அரிசியைப் போட்டாள். சோறு வெந்து வடித்த பிறகு எல்லோரையும் கூப்பிட்டாள்.

பொட்டலத்து இழை வெளுத்துப்போய்த் தேங்காய் நாராகக் கிடந்தது. டப்பி இழை போட்டபோது இருந்த அதே சிவப்பு. அதைச் சுற்றித் தண்ணீர் பொன்னாகியிருந்தது. பாலின் மூடியைத் திறந்தாள். அதுவும் பொன்னிறம். அடுப்படி முழுக்க வாசனை.

"நல்ல பூ மெதுவாத்தாம்மா எறங்கும். ஓடிவர்றது சாயம்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

வசந்தா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, குழந்தை சிவப்பாகப் பிறக்குமா அக்கா என்று கேட்டாள். "அத நான் சொல்லல கண்ணு. பால் நல்லா இருக்கும்னுதான் சொன்னேன்" என்று நாகவல்லி சிரித்தாள். இத்தனை நாள் குடித்தது சாயத் தண்ணீரா என்று பரந்தாமன் முணுமுணுத்துக்கொண்டே பொட்டலத்தைச் சாம்பல் குழியில் போட்டார்.

வரலட்சுமி மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் சுபாவம் அது. நாளைக்கு என்ன குழம்பு என்று மட்டும் கேட்டாள். நாகவல்லி சாயந்திரச் சமையலை முடித்தாள், அடுப்பை மெழுகினாள், டப்பியை வசந்தாவின் கையில் கொடுத்து மூடியை இறுக்கிக் காட்டினாள். காட்டுப்பாக்கத்திலிருந்து கல்யாணச் சமையலுக்கு அவளை அழைத்துப்போக வீராசாமி அனுப்பிய ஜட்கா வாசலில் வந்து நின்றது. அதைச் சுற்றிக் குப்பம்மாவும் இன்னும் நாலு பெண்களும்.

படி இறங்கிய நாகவல்லி நின்றாள். அகப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தெருவில் விரித்து, நெல் புடைப்பவள் மாதிரி நாலு உதறு உதறினாள். இரண்டு பாக்கு விழுந்தது. குனிந்து பொறுக்கினாள், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மற்றதைக் குப்பம்மாவின் கையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.