இடது கைப் பெருவிரல்

சரண்யாதேவியின் இடது கைப் பெருவிரல் அரிக்கத் தொடங்கி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. முதலில் கொசுக்கடி என்று நினைத்தாள். அப்புறம் சோப்புத்தூள் என்று நினைத்தாள். நுனியில் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் பாளம் பாளமாக வெடித்த பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு, பிளாஸ்திரி போட்டு மூடிக்கொண்டாள்.

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டைப் பார்த்தபடி ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் அந்தப் பார்லரில், நக வேலைக்கென்று இருக்கும் ஒரே ஆள் அவள்தான். முப்பத்தைந்து வயது. வண்டியூரைத் தாண்டிக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள்; அந்த வீட்டில் நகம் என்பது வளர்ந்தால் வெட்டி எறிகிற சாமான். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாண வீடுகளில் மருதாணி போடப் போன சரண்யா, பன்னிரண்டு வருஷம் மருதாணிக் கோனைப் பிடித்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மண்டபத்தில் அவள் கையைப் பார்த்துவிட்டு, நடுங்காத கை என்று சொல்லிக் கூட்டி வந்தவள் பார்லர்க்காரி சுந்தரவல்லி. நகத்தில் பூசி விளக்கு வெளிச்சத்தில் கெட்டியாக்கும் ஜெல் வேலையைக் கற்றுக்கொள்ள அனுப்பியதும் அவள்தான். இன்றைக்குச் சரண்யாவின் பிள்ளைகள் இரண்டும் படிப்பது அந்த ஜெல்லில்தான்.

ஜெல் என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நகத்தில் எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் ஒட்டாது. ஓரத்துத் தோலை ஒதுக்கி, மேல் பளபளப்பை அரத்தால் மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு நகத்தைக் கையால் தொடக் கூடாது. ஒவ்வொரு பூச்சும் வெங்காயத் தோல் கனத்தில் இருக்க வேண்டும். கனமாகப் பூசினால் விளக்குக்குள் சுரீரென்று சுடும், உள்ளே வேகாமல் மேலே மட்டும் காயும். நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷை ஓட்டினால்தான் நாலாம் நாளே உரியாது. நாலு விரலை முதலில் விளக்குக்குள் விட்டு, பெருவிரலைத் தனியாக விட வேண்டும், இல்லாவிட்டால் அது சாய்ந்து கிடந்து ஒரு பக்கம் காயாது. எல்லாவற்றுக்கும் மேல், காயாத ஜெல் தோலில் படவே கூடாது.

இதெல்லாம் சரண்யாவுக்கு மனப்பாடம். அவள் கைக்குத்தான் வேறு பழக்கம். மருதாணி போடுகிறவர்கள் கோடு கொஞ்சம் விலகினால் பிடித்திருக்கும் கையின் பெருவிரலால் சட்டென்று ஒற்றி எடுத்துவிடுவார்கள். மருதாணி விரலைச் சிவப்பாக்கும், வேறொன்றும் செய்யாது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் ஜெல்லுக்கும் கூடவே வந்துவிட்டது. ஜெல் தோலுக்கு வழிந்தால் துடைக்கும் குச்சியைத் தேடுவதற்கு முன்னால் இடது பெருவிரல் போய்த் துடைத்துவிட்டு வந்திருக்கும். கையுறை போட்டால் வேலை ஓடாது என்று அதையும் ஓரமாக வைத்துவிட்டாள்.

அது ஏன் தப்பு என்று பத்து நாளைக்கு முன்னால்தான், அரிப்பைப் பற்றி போனில் தேடப்போய், ஒரு டாக்டரம்மா பேசும் வீடியோவில் தெரிந்துகொண்டாள். காயாத ஜெல் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், உடம்பு ஒருமுறை இதைப் பகைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் பகைதான் என்று அந்த அம்மா சிரித்த முகமாகச் சொன்னது. அதிலிருந்து சரண்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

தன் விரல் மட்டும் என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கோச்சடையில் மெஸ் வைத்திருக்கும் செல்லத்தாய், தன் மகன் கல்யாணத்துக்காக முதல்முறையாக ஜெல் போட்டுக்கொண்டு போனாள். கூச்சத்தில் கையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் அன்றைக்கு ஜெல் நிறைய வழிந்தது, பெருவிரலுக்கு நிறைய வேலை; அது ஒற்றியது போக மிச்சம் தோலிலேயே நின்றது. மூன்று வாரம் கழித்து, நகத்தைச் சுற்றி அரிக்குது, மிளகாய் தொட்டா உசிரு போகுது என்று போன் செய்தாள். பாத்திரம் விளக்குற சோப்பா இருக்கும்க்கா என்று சொல்லிவிட்டாள் சரண்யா. வீடியோ பார்ப்பதற்கு முன்னால் சொன்னதுதான். பார்த்த பிறகு திருப்பிக் கூப்பிடவில்லை, சுந்தரவல்லியிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலை போய்விடும்.

அந்த வியாழக்கிழமை சுந்தரவல்லியின் அண்ணன் மகள் இந்துப்ரியா வந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். கை மினுமினுப்பாக இருக்கட்டும் என்று அவள் அம்மா தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தாள். சரண்யா கையுறையை மாட்டிக்கொண்டு மூன்று தடவை துடைத்தாள். எப்போதும் இல்லாத கையுறையைச் சுந்தரவல்லி கல்லாவிலிருந்து பார்த்தது மாதிரி இருந்தது.

அத்தையும் மருமகளும் தங்கள் வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் பேசத் தொடங்கினார்கள். எப்போதும் அந்தப் பேச்சு சரண்யாவுக்கு மின்விசிறிச் சத்தம் மாதிரி. இன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் தன்னைத் தொட்டுப் போவதாகப் பட்டது. சுந்தரவல்லி ஏதோ கேட்க, பெண் சரண்யாவின் கையைக் குனிந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கையுறைக்குள் பிளாஸ்திரி வியர்வையில் நழுவிக்கொண்டிருந்தது.

"என்னக்கா, கையுறைக்கு மேலயே கை இப்பிடி ஜில்லுனு இருக்கு? கல்யாணம் எனக்கா ஒங்களுக்கா?" என்றாள் இந்துப்ரியா.

ஏ.சி. காத்து என்று சொல்லிவைத்தாள் சரண்யா.

வலது கை நல்லபடியாக முடிந்தது. இடது கையில் மோதிர விரலுக்கு வரும்போது பிரஷில் ஒரு சொட்டு கூடிவிட்டது. ஜெல் நக ஓரத்தைத் தாண்டித் தோலுக்கு வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய இடது பெருவிரல், யாரும் ஏவாமல், அதை நோக்கிப் போயிற்று.

சரண்யா அதை நிறுத்தினாள். மூன்று நாளில் மாப்பிள்ளை பிடிக்கப்போகிற கை. செல்லத்தாய்க்குச் செய்ததை இந்தப் பிள்ளைக்கும் செய்ய ஒரு நொடி போதும். குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, அந்த ஓரத்தை மூன்று தடவை துடைத்தாள். அந்த நகத்தையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். "விடுங்கக்கா, நல்லாத்தானே இருந்துச்சு" என்று பெண் சொன்னது காதில் விழவில்லை.

பத்து விரலும் முடிந்தன. மேலே நின்ற பிசுபிசுப்பைத் துடைத்ததும் நகங்கள் இளஞ்சிவப்பில் கண்ணாடியாக நின்றன. நலங்கு வைக்கும்போது மஞ்சள் நகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இந்த வெளிர் நிறத்தில் மஞ்சள் ஏறினால் போகாது. பெண் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினாள்.

சரண்யா எழுந்துபோய்க் கல்லா முன்னால் நின்று கையுறையைக் கழற்றினாள். பிளாஸ்திரியும் அதோடு வந்துவிட்டது.

"அக்கா, இதப் பாருங்க."

சுந்தரவல்லி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். விரலை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எம்புட்டு நாளா?"

சரண்யா எல்லாவற்றையும் சொன்னாள். பெருவிரல் பழக்கத்தை, வீடியோவை, செல்லத்தாயின் போனை. சொல்லச் சொல்ல, தன் நாற்காலியில் இனி வேறு யாரோ உட்கார்ந்திருப்பது கண்முன்னால் தெரிந்தது. கடைசியில், இந்துவுக்கு ஒண்ணும் படலக்கா, கையுறையோடதான் செஞ்சேன் என்றாள்.

சுந்தரவல்லி தன் கையை மூடியிருந்த சேலைத் தலைப்பை விலக்கினாள். மணிக்கட்டுக்கு மேலே கறுத்துத் தடித்த ஒரு பட்டை.

"தலைச்சாயம். பதினோரு வருசமாச்சு நான் அதத் தொட்டு. நான் ஏன் எந்நேரமும் கல்லாவுலயே ஒக்காந்திருக்கேன்னு நீங்க எல்லாம் பேசிக்கிறது எனக்குத் தெரியாதாக்கும்."

சரண்யா பிளாஸ்திரியைக் கையுறைக்குள் வைத்துச் சுருட்டினாள்.

"நாளைக்குக் காலையில தோல் டாக்டர்ட்ட போற. அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் ஜெல் டப்பா பக்கம் போகக் கூடாது. சரின்னு சொல்ல மாட்டாங்க, அதையும் இப்பவே சொல்லிட்றேன். கோன் இருக்கு, புருவம் திருத்துறது இருக்கு. ஜெல்லு மாதிரி வராது. பாப்போம்." மூச்சு விட்டுக்கொண்டு, "அத விடு. அந்தக் கோச்சடைக்காரிக்குப் போனப் போடு. மொத அதச் செய்யி."

"இப்பவாக்கா?"

"இல்ல, அவ பேரன் கல்யாணத்துக்குப் போடு."

சரண்யா பால்கனிக்குப் போனாள். கீழே திண்டுக்கல் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு போயிற்று. அது போகட்டும் என்று காத்தாள். அடுத்த பஸ்ஸுக்கும் காத்தாள். திரும்பிப் பார்த்தால் சுந்தரவல்லி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த விரல் போனில் பட எரிந்தது; ஆள்காட்டி விரலால் அழுத்தினாள். மணி நாலுமுறை அடித்தது. எடுக்காவிட்டால் தேவலை என்று தோன்றியபோது எடுத்தார்கள்.

"அக்கா, விளாங்குடி பார்லர் சரண்யா பேசுறேன். அன்னைக்குச் சோப்புன்னு சொன்னேன்ல. அது சோப்பு இல்லக்கா. நாந்தான்."

மறுமுனையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.