பிரேத வண்டி என்று பதிந்த தீயணைப்பு வண்டி

போன கிழமை மகள் எனக்காக ஏதோ ஒரு படிவத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். கடைசியில் ‘வேறு’ என்று ஒரு கட்டம். எதிலும் அடங்காதவர்களுக்காம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபதுகளின் கடைசியில் எங்கள் கந்தோரில் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், நான் ஒரு தீயணைப்பு வண்டியைப் பிரேத வண்டி என்று பதிந்திருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வாகனங்களுக்கு அனுமதிப் பத்திரம் கொடுக்கும் கந்தோரில் ஆகக் கடைசிக் கிளாக்கர். சட்டைப் பையில் இரண்டு பேனை வைத்திருப்பேன். ஒன்றில் மை இருக்காது.

துரைசிங்கம் அண்ணை கரவெட்டிக்காரர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் இயந்திரம் பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவந்தவர். மற்றவர்கள் ஓய்வுபெற்றால் காணி வாங்குவார்கள், இவர் செத்த லொறிகளை வாங்கினார். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன லொறி இரண்டு. ஒன்றுக்குச் சுக்கான் இடப்பக்கம். சங்கிலியில் ஓடுகிற இன்னொன்றின் ஆசனத்தில் கோழிகள் முட்டையிட்டன. அவர் கிட்ட வந்தாலே பித்தளை மினுக்கும் பசையும் பெற்றோலும் சேர்ந்து மணக்கும். இன்றைக்கும் எங்கேயாவது அந்த மணம் வந்தால் நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன்.

கொழும்பில் ஒரு ஏலத்தில்தான் அந்தத் தீயணைப்பு வண்டியை எடுத்தார். இங்கிலாந்தில் செய்தது. கூரை கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் வெளியே பார்த்தபடி இருக்கிற பலகைகள், மேலே மர ஏணி, முன்னால் பெரிய பித்தளை மணி. இரண்டு நாள் ஓட்டிக்கொண்டு வந்தார். நின்ற இடமெல்லாம் சனம் ஓடிவந்து எங்கே நெருப்பு என்று தேடியதாம். வவுனியாவில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, கடைக்காரர் தன் அடுப்பிலேயே தண்ணீரை ஊற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றாராம்.

பத்திரத்துக்கு எங்களிடம் வந்தார். படிவத்தில் கார், லொறி, பஸ், ட்ராக்டர், பிரேத வண்டி என்று மட்டும்தான் இருந்தது. லொறி என்றால் சாமான் ஏற்ற வேண்டும், தண்ணீர் சாமான் இல்லை என்றார் எங்கள் பெரிய கிளாக்கர். பஸ் என்றால் ஆட்கள் உள்ளே பார்த்து இருக்க வேண்டுமாம். பத்திரம் இல்லையென்றால் ஒரு மாதத்தில் பழைய இரும்புக்கு உடைக்க வேண்டியதுதான். அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏணியைக் கழற்றினால் ஒரு ஆள் நீளத்துக்குப் படுக்க இடம் இருக்கிறதே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பெரிய கிளாக்கர் நாடாவோடு இறங்கிப்போய் அளந்து, திருப்தியோடு முத்திரை குத்தினார்.

“பிரேதம் இல்லாமலும் ஓடலாமோ, தம்பி?” என்று அண்ணை மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன்.

பத்திரத்தின் பின்பக்கத்தில், கேட்டவருக்கு மறுக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. ஊர் வாசித்திருந்தது. ஆறேழு மாதத்தில் உடுப்பிட்டியில் ஒரு மெதடிஸ்த ஆசிரியர் காலமானார். வழக்கமாக வருகிற வண்டி பழுது. அண்ணை என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நீர்தானே பதிஞ்சனீர், நீரும் ஏறும்.”

ஏறினேன். மணியின் நாக்கில் துணி சுற்றியிருந்தார். ஆனாலும் பள்ளத்துக்குப் பள்ளம் அது அடித்தது. ஏணி இருந்த இடத்தில் பெட்டி. ஆசிரியரின் மனைவி முன் ஆசனத்தில் நிமிர்ந்து இருந்தார், போதகரும் ஊர்ப் பெரியவர்களும் பக்கப் பலகைகளில். சவக்காலைக்குப் பாதி வழியில், கிடுகு வேய்ந்த வீடொன்றின் குசினி புகைந்து எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வாளியோடு ஓடிவந்தவர் எங்களைக் கண்டதும் வாளியைக் கீழே போட்டுவிட்டார். “வந்திட்டினம்” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அவர்கள் ஒருவரையும் அழைத்திருக்கவில்லை.

அண்ணை நிறுத்திவிட்டுச் சுக்கானைப் பிடித்தபடி இருந்தார். தாங்கியில் தண்ணீர் முட்ட இருந்தது. அதை அவர் ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. போதகர் வேதப் புத்தகத்தைப் பார்த்தார். அந்த அம்மாதான் வாய்திறந்தார்.

“அவருக்கு இனி என்ன அவசரம், தம்பி? இறக்கி வைச்சிட்டு நெருப்பை நூத்துப்போட்டு வாங்கோ.”

எரிகிற வீட்டிலிருந்தே நான்கு கதிரைகள் வந்தன. வேப்பமரத்தடியில் பெட்டியை அவற்றின்மேல் வைத்தோம். தண்ணீர்க் குழாயில் நுனியைவிட ஓட்டைகளால்தான் அதிகம் பாய்ந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள் வரிசையாக நின்று ஓட்டைகளைக் கையால் பொத்தினார்கள். எனக்குக் கிடைத்த ஓட்டை என் முகத்துக்கு நேரே இருந்தது. குசினி போய்விட்டது, வீடு தப்பியது. கரியும் சேறுமாக நாங்கள் திரும்பப் புறப்பட்டபோது, அந்த வீட்டார் எல்லோரும் பின்னால் நடந்து வந்தார்கள். முன்பின் தெரியாத மனிதருக்காக வீட்டுக்காரர் தேம்பி அழுதார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா அழத் தொடங்கினார்.

எழுபதுகளில் இறக்குமதி நின்றுபோய் டயர் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. ஓடாத வண்டியைக் கட்டிவைப்பது பாவம் என்று அண்ணை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். லொறிகளின் அச்சுகள் மாட்டுவண்டிகளுக்குப் போயின. தீயணைப்பு வண்டியின் பம்பு இணுவிலில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குப் போனது.

எண்பதுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பட்டணம் எரிகிறது என்று செய்தி வந்த காலை அவரிடம் போனேன். வெறுங்கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தார்.

“பம்பையெண்டாலும் குடுக்காமல் விட்டிருக்கலாம்” என்றார்.

அதற்குப் பிறகு அவரும் கனகாலம் இருக்கவில்லை. அந்தக் கொட்டகை நின்ற வளவில் இப்போது யாரோ மாடிவீடு கட்டியிருக்கிறார்கள். வண்டியின் ஒரு படமாவது இருக்குமா என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். அப்படி ஒரு வண்டி ஓடியதா என்று என்னையே கேட்கிறார்கள்.