அண்ணாச்சி கடையில் இல்லாத டிரில்

அறுபதுகளில் தாராவியில் நாங்கள் இருந்த அறைக்குக் கரண்ட் கிடையாது. ஆகையால் கரண்டில் ஓடும் டிரில் மிஷினைப் பற்றி யோசிக்கவே இடமில்லை. கைப்பிடியைச் சுற்றித் துளை போடும் கை டிரில்தான். பிள்ளைகள் வளர்ந்து தரையில் படுக்க இடம் போதாமல் போனதால், பலகையடித்து ஒரு மாளா போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பம்பாயில் பரணை அப்படித்தான் சொல்வார்கள்.

எங்கள் சந்து முனையில் ஊர்க்காரர் ஒருவர் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எங்களுக்கு அந்த அறை கிடைத்ததே, “நம்ம ஆளுதான், குடுங்க” என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையால். ஆணியோ தாழ்ப்பாளோ, அங்கேதான் வாங்குவோம். வேறு கடைக்குப் போவது, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவதைப் போல.

அவர் கடையில் ஆமை மார்க் டிரில் மட்டும்தான் இருந்தது. நான் வேலை பார்த்த மாட்டுங்கா பட்டறையின் மிஸ்திரியிடம், எதற்கும் இருக்கட்டும் என்று, அதை வாங்கலாமா எனக் கேட்டேன். “அரே, கச்சுவா மத் லே! பல்லு உடைஞ்சு போகும். ஊண்ட் லே, ஊண்ட்!” என்றார். ஆமையை விட்டுவிட்டு ஒட்டகம் மார்க் வாங்கச் சொன்னார்.

அவ்வளவுதான், எனக்கு உறக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். எதையும் படித்துச் சரிபார்க்கத் தெரியாது. யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் அதையே மென்றுகொண்டிருப்பேன். பாதித் துளையில் சக்கரத்தின் பல் உடைந்தால்? உடைந்ததை அண்ணாச்சியிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது? மட்டமான சரக்கு என்று எந்த வாயால் சொல்வது? அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் ரயிலேறிப் பஜாருக்குப் போய் ஒட்டகத்தை வாங்கினேன். பழைய வேட்டியில் சுற்றி, அண்ணாச்சி கடை முனைக்கு வராமல், சாக்கடைப் பக்கமாகச் சுற்றி வீடு வந்தேன்.

“ஏன் திருட்டுச் சாமானைக் கொண்டாந்த மாதிரி வாறிய?” என்றாள் மனைவி.

“மெதுவாப் பேசு. கடை முனை வரைக்கும் கேக்கும்.”

“டிரில்லு சத்தம் போடாதாக்கும்? அதையும் மெதுவாச் சுத்துங்க!”

மாளா போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். என் கையிலிருந்து டிரில்லை வாங்கி ஒரு துளை போட்டுப் பார்த்தவருக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

“வெண்ணெயில போற மாதிரி போகுதே மாப்ளே. எங்க எடுத்த?”

நான் வாயைத் திறப்பதற்குள், என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து மனைவி முந்திக்கொண்டாள். “வேற எங்க, அண்ணாச்சி கடையிலதான்.”

நான் மறுக்கவில்லை. கீழே விழாத திருகாணியைத் தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கொக்கி வாங்கப் போய் அண்ணாச்சி கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறைக்காரர் நேராக அங்கே வந்து நின்றார்.

“அண்ணாச்சி, மாப்ளைக்குக் குடுத்தீயளே ஒட்டகம் மார்க் டிரில்லு, அதுல எனக்கும் ஒண்ணு குடுங்க.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் தலைக்கு மேலே ஆமை மார்க் டிரில்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

“ஒண்ணுதான் வந்துச்சுவே,” என்றார். “அதை இவரு கொண்டு போயிட்டாரு.”

“அப்பம் இந்த ஆமையளை எதுக்குத் தொங்கப் போட்டிருக்கிய? முதுகு காயவா?”

அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

பக்கத்து அறைக்காரர் போனதும், “அண்ணாச்சி…” என்று இழுத்தேன்.

“பஜார்ல எந்தக் கடைவே?”

கோபமில்லை. சரக்கு விசாரிக்கிற குரல். கடையைச் சொன்னேன்.

“அடுத்தாப்புல அந்தப் பக்கம் போனா நாலு எடுத்துட்டு வாரும். ஆளு கேக்காவள்ளா, வச்சுத்தானே ஆவணும்.”

திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். விழ இடம் வைக்காமல் வேலை சொல்லிவிட்டார்.

போனேன். நாலையும் தோளில் சுமந்து, முனை வழியாகவே வந்து இறக்கினேன். சீக்கிரமே எல்லாம் விற்றுப்போயின. பிறகு ஆமை மார்க்கை யாரும் கேட்கவில்லை. அதன் பல் உடைந்ததை இன்றுவரை நான் கண்ணால் கண்டதில்லை. மிஸ்திரியும் யாரோ சொல்லக் கேட்டதைத்தான் சொன்னாரோ என்னவோ. மழைக்காலத்தில், விற்காமல் தொங்கிய அந்த ஆமைகளில் துரு ஏறும். அண்ணாச்சி ஒவ்வொன்றாக இறக்கி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடி மாட்டுவார்.

“இரியும்வே, ஏன் நிக்கீரு?” என்பார், பெஞ்சைக் காட்டி.

“அவசரமாப் போவணும் அண்ணாச்சி.”

வீட்டில் ஒரு அவசரமும் இருக்காது.