பெருவிரல் நகமும் குறிஞ்சிப்பிட்டிக் கயிறும்

வெள்ளி காலை ஆறரைக்கு வத்தளையில் புத்தளம் பஸ்ஸில் ஏறினோம். கிட்டார்ப் பெட்டி, இரண்டு பைகள், தண்ணீர்ப் போத்தல் எல்லாம் என் தலையில். என் அண்ணன் மகள் ஜெனிற்றா கைவீசி ஏறினாள். சோம்பலால் அல்ல. ஸ்பெயினுக்குப் போய் ஃபிளமெங்கோ கிட்டார் படித்தவள் அவள். வாசிப்பதெல்லாம் வலக்கை நகங்களால். பெட்டி தூக்கி ஒன்று உடைந்தால் வாசிப்பே கெட்டுவிடும்.

பாட்டும் மெட்டும் அவளுடையவை. பாடுவதும் தனி ஆளாகத்தான். கொழும்பில் அவளுக்கு மண்டபம் நிரம்புகிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். ஆனால் சொந்த ஊரில் அவள் பாடியதில்லை. சனி மாலை, குறிஞ்சிப்பிட்டிக் கோயில் திருநாள் மேடையில்தான் முதல் தடவை.

“அப்பா வந்து இருந்து கேப்பாரா சித்தப்பா?” சிலாபம் வருமுன்னே திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாள்.

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. என் அண்ணன் மரியதாஸ் கரைவலைக்காரர். கிட்டார் என்றால் அவருக்குப் பைலா, சனத்தை எழும்பி ஆடவைக்கும் பாட்டு. “கலியாண வீட்டுல வாசிக்க ஏலாத கிட்டார் என்னத்துக்கு?” என்று கேட்டவர், மகளின் ஒரு பாட்டையும் முழுதாகக் கேட்டதில்லை.

பத்தரைக்குப் பாலாவி. இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. சந்திக் கடையில் சூப்பர் குளூ நூற்றைம்பது ரூபாய். ஒட்டிக்கொண்டு கற்பிட்டி பஸ்ஸைப் பிடித்தேன். உப்புக் குவியல்கள், தென்னந்தோட்டங்கள், வெங்காயப் பாத்திகள், தூரத்தில் சுழலும் காற்றாடிகள். கொண்டக்டர் ஜெனிற்றாவின் மடியில் விரிந்து கிடந்த கையைப் பார்த்தார்.

“மகளுக்கு மருதோண்டி இன்னும் காயலியா?”

“கிட்டார் வாசிக்கிற கை, அண்ணே” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பஸ்ஸே சிரித்தது.

சனி விடிய ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். அண்ணனின் வலை கடலில் கிடந்தது. அன்று ஆள் குறைவு. அங்கே ஒரு வழக்கம்: வலை இழுக்கும்போது கரையில் நிற்பவர் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது, கயிற்றில் கைவைக்க வேண்டும். வைத்தவருக்குக் கறிக்கு மீன் உண்டு. நான் பிடித்தேன். ஜெனிற்றாவை விலகி நிற்கச் சொன்னேன்.

“ஸ்பெயின் பிள்ளைக்குக் கயிறு கடிக்கும்!” என்றான் ஒருவன். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்து கயிற்றைப் பிடித்தாள். முதலில் இடக்கையால் மட்டும். வலை கரையை நெருங்கிப் பாரம் ஏறியதும் இரண்டு கையாலும் இழுத்தாள். சூடை மீன் துள்ள வலை ஏறிய பிறகுதான் விரலை எனக்குக் காட்டினாள். வலக்கைப் பெருவிரல் நகம் பாதிக்கு மேல் போயிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அண்ணனைத்தான் பிடித்தேன். “பின்னேரம் மேடை. எதால வாசிக்கிறது அவள்?”

அண்ணன் அவளுடைய பங்கு மீனோடு வந்து நின்றார். விரலைப் பார்த்தார். “ஏன் பிள்ள கயித்த விடல்ல?”

“எல்லாரும் இழுக்கேக்க எப்பிடியப்பா விடுறது?”

அவர் மீனை மணலில் வைத்தார். பிறகு, “இதுக்கு என்ன செய்றது?” என்றார்.

பிங்பொங் பந்தில் துண்டு வெட்டி நகத்தின் மேல் ஒட்டுவார்களாம், ஜெனிற்றா சொன்னாள். படித்த இடத்தில் அவளும் ஒட்டியிருக்கிறாள். கோயில் இளைஞர் மன்றத்தில் பந்து கிடைத்தது. பசை என் பையில் இருந்தது. கவிழ்த்த வள்ளத்தின் மேல் இருந்துகொண்டு, கிழிந்த வலை பொத்தும் கத்தியால் அண்ணன் பந்தை வெட்டினார்.

“இன்னும் வளைவு வேணுமப்பா.”

“பொறு, அவசரப்படாத.”

வள்ளம் தேய்க்கும் சேண்ட்பேப்பரால் விளிம்பைத் தேய்த்து, மகளின் விரலைத் தன் முழங்காலில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். பசை காய்ந்த பிறகும் விடவில்லை.

மாலை ஏழு மணிக்குத் திருநாள் மேடை. சனம் பைலாவுக்குத்தான் காத்திருந்தது. ஜெனிற்றா மெல்லத் தொடங்கினாள், கதைச்சத்தம் அடங்கவில்லை. பிறகு பெருவிரல் அடித்தந்தியில் இறங்கியது, மற்ற விரல்கள் விசிறிபோல் விரிந்து அடித்தன. காலையில் கயிறு இழுத்தவர்கள்தான் முதலில் கைதட்டித் தாளம் போட்டார்கள். அண்ணன் முன்வரிசைக் கதிரையில் இருந்து அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பாட்டு வரை எழும்பவில்லை. எனக்குக் கண் நிறைந்தது, துடைக்கவும் தோன்றவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். “மகள் நல்லா வாசிச்சா” என்று யாரோ சொன்னதுதான் தாமதம், அண்ணன் பிடித்துக்கொண்டார்.

“பெருவிரல் கேட்டியா? அந்த நகம் நான் வெட்டினது. கடைசி மட்டும் அசையல்லயே!”

பஸ் வந்ததும் கொண்டக்டருக்கும் அதே கதை. ஊரெல்லாம் பீற்றிக்கொள்வது என் வேலை என்று நினைத்திருந்தேன். இனி எனக்கு அங்கே இடமில்லை.

ஜெனிற்றா ஜன்னலால் கையை நீட்டினாள். “மிச்சப் பந்தத் தாங்கப்பா, கொழும்பில தேவைப்படும்.”

அண்ணன் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.

“அது இங்க கிடக்கட்டும். வலைக்கு வரேக்க வெட்டித் தாறன்.”